கான்கிரீட்டில் புதுச் சரக்கு: சைட்டில் நடக்கும் தவறுகள்

சிலிக்கா ஃபியூம் (மிக நுண்ணிய சிலிக்கா தூள்), ஸ்லாக், ஃபைபர், நீர் கசிவைத் தடுக்கும் கிரிஸ்டலைன் பொடி என்று சிங்கப்பூர் சைட்டுகளில் புதுச் சரக்குக்குப் பஞ்சமில்லை. இந்த இடத்தில் கான்கிரீட்டைக் கெடுக்கப்போவது எது என்று கேட்டுவிட்டுச் சேர்ப்பவர்கள்தான் குறைவு. 28-ஆம் நாள் கியூபை (சோதனைக்கென்று வார்த்த கான்கிரீட் கட்டியை) உடைத்துப் பார்த்து நல்ல எண் வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கியூப் வலிமையைத்தான் சொல்லும். உப்பு உள்ளே போகுமா, கம்பி துருப்பிடிக்குமா என்பதெல்லாம் அதில் தெரியாது.

ஸ்லாக்கையே எடுத்துக்கொள்வோம். இரும்பு உலைக் கசடை அரைத்த பொடி இது. சிமெண்டில் பாதிக்கு மேல்கூட இதைக் கொண்டு ஈடுகட்டலாம். துவாஸ் மாதிரி கடலோர வேலைக்கு அருமையான பொருள், குளோரைடு நுழைவதை நன்றாகத் தடுக்கும். ஆனால் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பிரச்சினை கரியமில வாயு. கம்பியைக் காக்கும் காரத்தன்மையைத் தின்றுகொண்டே அது உள்ளே இறங்கும். ஸ்லாக் மிகுந்த கலவையில் சுண்ணாம்புச் சத்து குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் இறங்கும். எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது 40 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) வர வேண்டிய இடத்தில் 20 மி.மீ. வந்தால், கம்பியை எட்டும் காலம் பாதியாகாது, கால்வாசியாகும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு வைக்கும் கவர் பிளாக் சாய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டும் "கொட்டுங்க" என்று சொல்பவரை எந்தப் பொடியும் காப்பாற்றாது.

அடுத்தது தண்ணீர். லாரி நெரிசலில் மாட்டி வரும், கலவை இறுகியிருக்கும், பம்ப்காரர் குரல் கொடுப்பார்: "அண்ணே, பைப்பை லேசா திறந்து விடச் சொல்லுங்க!" ஒரு கன மீட்டரில் 400 கிலோ சிமெண்டுக்கு 180 லிட்டர் தண்ணீர் என்றால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.45. எட்டு கன மீட்டர் லாரியில் 160 லிட்டர் கூடுதலாகப் போனால் அது 0.50. காசு கொடுத்துச் சேர்த்த சிலிக்கா ஃபியூமின் பலனில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. இளக்கம் வேண்டுமென்றால் சூப்பர்பிளாஸ்டிசைசர் இருக்கிறது. அதையும் ரெடி மிக்ஸ் நிறுவனத்தைக் கேட்டு, அளந்துதான் விட வேண்டும். அளவு மீறினால் ஜல்லி தனியே பிரியும், இறுகவும் தாமதமாகும்.

"இங்கே காற்றே ஈரமாச்சே, க்யூரிங் எதுக்கு?" என்பதும் அடிக்கடி காதில் விழுவது. க்யூரிங் என்றால் வார்த்த கான்கிரீட்டை உலரவிடாமல் ஈரமாக வைத்திருப்பது. மதிய வெயிலில், இருபதாவது மாடிக் காற்றில் நின்று பார்த்தால் தெரியும். சிலிக்கா ஃபியூம் துகள் சிமெண்ட் துகளைவிடச் சுமார் நூறு மடங்கு சிறியது என்பதால் கலவையிலிருந்து நீர் மேலே கசிந்து வருவதே அரிது. மேற்பரப்பு சட்டென்று உலர்ந்து, சில மணி நேரத்திலேயே முடி போன்ற விரிசல் விடும். தேய்த்து முடித்த கையோடு மூடிவிட வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஸ்லாக்கும் ஃப்ளை ஆஷும் (நிலக்கரிச் சாம்பல்) மெதுவாக வேலை செய்பவை. இவற்றுக்கு ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரம் வேண்டும்.

ஸ்டீல் ஃபைபர் போட்டால் கம்பியைக் குறைத்துவிடலாம் என்று மேஸ்திரி முடிவெடுக்கக் கூடாது, அது என்ஜினீயர் கணக்கு. பாலிப்ரொப்பிலீன் இழை ஆரம்ப விரிசலைக் கட்டுப்படுத்தும், தீயில் உருகி நீராவிக்கு வழிவிடும், பாரம் தாங்காது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பாக்டீரியா கான்கிரீட்டும் மெல்லிய விரிசலைத்தான் அடைக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கழிவறைக் கூரையில் காரை பெயர்ந்தால் பாலிமர் சாந்தை மேலாகப் பூசி, பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். துரு உள்ளே ஊதிக்கொண்டேயிருக்கும், பூச்சு மறுபடி விழும். தளர்ந்ததையெல்லாம் கொத்தி, கம்பியின் பின்புறம் வரை திறந்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே சாந்து. மேல்மாடியிலிருந்து நீர் கசிந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். கம்பி கணிசமாகத் தேய்ந்திருந்தால் ஒப்பந்தக்காரரிடம் விடாமல் என்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.