ரோமானியப் பொற்காசில் இருக்கும் அரசியை அடையாளம் காண்பது எப்படி?

நகைப் பட்டறையில் வளர்ந்தவன் நான்; எந்தப் பொற்காசு கைக்கு வந்தாலும் முதலில் தராசில்தான் வைப்பேன். பேரரசர் நீரோ காலத்துக்குப் பிந்தைய ஆரியஸ் (ரோமானியப் பொற்காசின் பெயர்) ஏறத்தாழ 7.3 கிராம் நிற்கும். பவுனுக்குச் சற்றுக் குறைவு. பொன்னோ கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். பரப்பில் ஊசித் துளைகளோ விளிம்பில் ஒட்டுக்கோடோ தெரிந்தால் ஒதுக்கி வையுங்கள். அது வார்த்த போலி. உண்மைக் காசு அச்சில் அடித்தது.

இனி லென்ஸை எடுங்கள். முகத்தை விடுங்கள், கொண்டையைப் பாருங்கள். பின்னலை உச்சந்தலையில் சுற்றிக் கட்டியிருந்தால் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் மனைவி மூத்த ஃபாஸ்தினா. அலையலையாய் வாரிப் பின்னால் சிறு கொண்டை போட்டிருந்தால் பெரும்பாலும் அவர் மகள் இளைய ஃபாஸ்தினா. அடர்ந்த நெளிமுடி தலைக்கவசம்போல் பிடரிவரை இறங்கினால் சிரியாவிலிருந்து வந்த பேரரசி யூலியா டோம்னா. பிறகு எழுத்தைக் கூட்டிப் படித்து உறுதி செய்யுங்கள். லத்தீன் எழுத்தில் 'U' வரவேண்டிய இடத்தில் 'V'தான் இருக்கும். பெயருக்கு முன் 'திவா' என்றிருந்தால், இறந்தபின் தெய்வமாக்கப்பட்டவர். மூத்த ஃபாஸ்தினா கி.பி. 140 வாக்கில் மறைந்தபின்பும் கணவர் பல ஆண்டுகள் அவர் பெயரில் காசு அடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு மிகப் பிடித்தது பின்பக்கம். அங்கே தெய்வத்தின் கையில் இருப்பதைப் பாருங்கள். கதிரும் தீப்பந்தமும் இருந்தால் செரீஸ், காலடியில் மயில் நின்றால் ஜூனோ, ஆப்பிள் இருந்தால் வீனஸ். இளைய ஃபாஸ்தினாவின் ஒரு காசில் நலத்தின் தெய்வமான சாலுஸ் அமர்ந்து, பலிபீடத்தில் சுருண்டெழும் பாம்புக்குக் கிண்ணத்தை நீட்டுகிறாள். பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற அரசிக்கு இதைவிடப் பொருத்தமான வேண்டுதல் உண்டா? டோம்னாவின் காசில் வீனஸ் நமக்கு முதுகைக் காட்டித் தூணில் சாய்ந்து நிற்கிறாள். நழுவும் துணியின் மடிப்பை அவ்வளவு சிறிய இடத்தில் வெட்டிய கைக்கு நான் தலைவணங்குகிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னர் தலைமேல் உளி வெட்டு இருக்கிறது. அத்தகைய காசைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். செங்கோலும் கிளையும் ஏந்திய பெண் அமர்ந்திருந்து, சுற்றிலும் 'பொன்டிஃப் மாக்ஸிம்' (தலைமைப் பூசாரி என்ற பட்டம்) என்றிருந்தால் அது பேரரசர் திபேரியஸ் அடித்தது. அவளை அவர் தாய் லிவியா என்பார்கள். ஆனால் காசில் அவள் பெயர் இல்லை. எனவே குறிப்பேட்டில் 'அமர்ந்த பெண்' என்றே எழுதுங்கள்.