குதிகால் வலிக்கு எலும்பைக் குற்றம் சொல்லாதீர்கள்

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "குதிகால்ல எலும்பு வளந்திருக்கும்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். அதுவரை விந்தி விந்தியாவது நடந்தவர், அன்றிலிருந்து காலை ஊன்றவே பயப்படுவார். அந்த முள் போன்ற நீட்டல், வலியே இல்லாத எத்தனையோ பேர் காலிலும் உண்டு. துடிக்கத் துடிக்க வலிக்கும் பலருடைய படத்தில் அது இருப்பதே இல்லை. வலி தீர்ந்த பிறகு படம் எடுத்தாலும் முள் அதே இடத்தில்தான் இருக்கும். 'எலும்பைக் கரைக்கும்' மாத்திரைக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கும் காசு வீண்.

பெரும்பாலும் வலிப்பது உள்ளங்கால் பட்டை. குதிகால் எலும்பின் அடியில் உள்பக்கமாகத் தொடங்கி, விரல்களின் அடிவரை விசிறிபோல விரியும் தடித்த நார்ப்பட்டை இது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதக் குழிவுக்கு இது அப்படி. ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை வில்லை அமுக்க, நாண் இழுபடுகிறது. எடை கூடினால், நாளெல்லாம் கல்தரையில் நின்றால், கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால், பட்டை எலும்பில் பிடித்திருக்கும் இடம் நைந்துபோகிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொய்ந்து பட்டை சுருங்கிக் கிடக்கும். விடிந்து வைக்கும் முதல் அடியில் அது சட்டென்று இழுபட, ஆணி ஏறியதுபோல் குத்தும். கொஞ்ச தூரம் நடந்ததும் குறையும். மதியம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். இந்தப் போக்கையும், குதிகாலின் உள்பக்க முன்விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தும்போது "அங்கதான்" என்று துள்ளுவதையும் வைத்தே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடலாம். வேறு சந்தேகம் இருந்தால்தான் எக்ஸ்ரே.

வேறொரு நோயை இதுவென்று நினைப்பது

குதிகாலின் பின்பக்கம் வலித்தால் அது பெரும்பாலும் கெண்டைக்கால் தசைநாரின் கோளாறு. எரிச்சலும் மதமதப்பும் இருந்தால் நரம்பை யோசிக்க வேண்டும். குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கையால் சேர்த்து அமுக்கும்போது கடுமையாக வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். பழக்கமில்லாமல் பாதயாத்திரை போய் வந்தவர்களிடம் இதைச் சந்தேகிப்பது நல்லது. இளவயதுக்காரருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, நடமாடினால் இளகுகிறது என்றால், அது முதுகெலும்பைத் தாக்கும் வாதமாக இருக்கலாம். வாத நோய் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

யூரிக் ஆசிட் பரிசோதனை எழுதித் தரச் சொல்லி நச்சரிப்பவர்கள் நிறைய. யூரிக் ஆசிட் கூடியதால் வரும் வலி பெரும்பாலும் கால் பெருவிரலின் அடி மூட்டில், சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலறும்படிதான் வரும். முதல் அடியில் குத்தும் குதிகாலுக்காகத் தக்காளியையும் பருப்பையும் ஒதுக்கிவைப்பதில் பயன் இல்லை.

சுட்ட செங்கல், எருக்கிலை

மதுரைப் பக்கத்தில் இந்த வைத்தியம் தெரியாத வீடு குறைவு. செங்கல்லை அடுப்பில் சூடாக்கி, மேலே எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை வைத்து வைத்து எடுப்பார்கள். கதகதப்பான சூட்டில் தசை கொஞ்சம் இளகும் என்பது உண்மைதான். அதற்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டே போதும். செங்கல்லின் சூடு எவ்வளவு என்று கைக்குத் தெரியாது, பல வருடம் சர்க்கரை நோய் உள்ளவர் காலுக்கும் தெரியாது. நரம்பு மரத்த காலில் தோல் வெந்து கொப்புளமாகி, மறுநாள் கட்டிலை விட்டு இறங்கும்போதுதான் கண்ணில் படும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். எருக்கம்பாலோ தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. எருக்கு பிள்ளையாருக்கு மாலையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சர்க்கரை இல்லாதவர்கள் சாயங்காலம், ஐஸ் கட்டியாக உறைந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, பாதத்தின் அடியில் 10 நிமிடம் உருட்டலாம். காலில் மதமதப்பு உள்ளவர்களுக்குச் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

வீட்டுக்குள் வெறுங்கால்

வெளியே நல்ல செருப்பு போடுகிறவர்களும் வாசலில் அதைக் கழற்றிவிட்டு, டைல்ஸ் போட்ட சமையலறையில் மூன்று மணி நேரம் வெறுங்காலோடு நிற்கிறார்கள். வலி இருக்கும் மாதங்களிலாவது வீட்டுக்கென்று ஒரு ஜோடி வேண்டும். கட்டில் ஓரத்திலேயே அது கிடக்கட்டும். முதல் அடியே அதன் மேல்தான் விழ வேண்டும்.

எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு நல்லதுதான். ஆனால் 'டாக்டர் செருப்பு' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கடையிலேயே மூன்று சோதனை செய்யலாம். இரண்டு முனையையும் பிடித்து வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் ஆகாது. ஈரத்துண்டைப் பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். குழி அப்படியே நின்றால் ஆயுள் முடிந்தது, மாற்ற வேண்டியதுதான். பின்பக்கம் வார் வைத்தது மேல். வார் இல்லாவிட்டால் செருப்பு நழுவாமல் விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். சிலிகான் ஹீல் பேட் வாங்கினால் இரண்டு காலுக்கும் வையுங்கள். ஒரு காலில் மட்டும் வைத்தால் உயரம் மாறி இடுப்பு வலி வந்து சேரலாம்.

கோயிலுக்குச் செருப்போடு போக முடியாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் கல் சுடாத அதிகாலையில் போகலாம். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தால், எழுமுன் கால் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடித்துவிட்டு எழ வேண்டும். திருப்பரங்குன்றம் கிரிவலத்தையும் அழகர்மலை ஏற்றத்தையும் சில மாதம் தள்ளிவைப்பதில் சாமி கோபித்துக்கொள்ளாது.

மாசி வீதி ஜவுளிக்கடைகளில் நிற்கிறவர்களுக்கு ஒரு தகவல். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. இருக்கை இருந்தும் உட்காராதவர்களும் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் உட்காருங்கள். முடியாவிட்டால், ஒரு சிறிய மனைப்பலகையில் காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்து நில்லுங்கள்.

பத்து நாளில் பயிற்சியை விடுவது

பயிற்சியைப் பாதியில் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இழுப்புப் பயிற்சியை எழுந்து நடமாடிய பிறகு செய்தால் பாதிப் பலன் போயிற்று. கண் விழித்ததும், கால் தரையில் படுமுன், வலிக்கும் காலை மற்ற தொடையின் மேல் போட்டு, ஐந்து விரலையும் கையால் பிடித்து முழங்கால் பக்கம் இழுங்கள். உள்ளங்காலில் கயிறு மாதிரி பட்டை புடைத்துத் தெரியும். மறுகை விரலால் அதைத் தொட்டுப் பார்த்தால் சரியாக இழுக்கிறோமா என்று தெரிந்துவிடும். 10 நொடி பிடித்து விடுங்கள். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. கூடவே, சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் கெண்டைக்காலை 30 நொடி நீட்டுங்கள். முழங்கால் நேராக மூன்று தடவை, லேசாக மடக்கி மூன்று தடவை.

இழுப்பது மட்டும் போதாது. நைந்த பட்டைக்கு வலு ஏற வேண்டும். மாடிப்படியின் விளிம்பில் நின்று, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வையுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணும்வரை மெல்லக் குதிகாலை உயர்த்தி, இரண்டு எண்ணும்வரை நிறுத்தி, மூன்று எண்ணும்வரை இறக்குங்கள். ஒற்றைக்காலில் முடியாதவர்கள் இரு காலில் தொடங்கலாம். 12 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் கழித்துத் தோள்பையில் புத்தகங்களைப் போட்டு எடை கூட்டி 10 தடவை, நான்கு சுற்று. இன்னும் இரண்டு வாரம் கழித்து 8 தடவை, ஐந்து சுற்று. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தால்தான் எடையைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும்.

எடை குறைக்கிறேன் என்று வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போவது இந்த நேரத்தில் எதிர்மாறாகப் போகும். நடையைப் பாதியாகக் குறைத்து, சைக்கிளுக்கோ நீச்சலுக்கோ மாறுங்கள்.

ஊசி, மாத்திரை

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சுகமாக இருக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையும், பட்டை அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஓராண்டுக்குள் கத்தியில்லாமலே சரியாகிறது. 'படக்' என்று சத்தம் கேட்டு உள்ளங்காலில் ரத்தம் கன்றினாலோ, காய்ச்சலோடு வீங்கினாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளியின் காலில் சிறு கீறலுக்கும் இதே விதிதான்.

தைப்பூசத்துக்குப் பழனி நடக்க நேர்ந்துகொண்டவர்கள் மாடிப்படிப் பயிற்சியை ஐப்பசியிலேயே தொடங்கிவிட வேண்டும். காலை முதல் அடி தொடர்ந்து இரண்டு வாரம் வலிக்காத பிறகு நடையை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். மாலை போட்ட அன்றே செருப்பை ஒதுக்கிவிடாதீர்கள். முதலில் வீட்டுத்தரையில் கால் மணி நேரம் வெறுங்கால், அப்புறம் மண்தரை. தார்ச்சாலை கடைசியில்தான்.