பின்னிக் கிடந்த மூன்று எழுத்துகள்

என்னிடம் 1877-ஆம் ஆண்டு அமெரிக்க டைம் (dime, பத்து சென்ட் வெள்ளிக் காசு) ஒன்று இருக்கிறது. உட்கார்ந்த லிபர்ட்டி (சுதந்திரத்தைக் குறிக்கும் பெண்) உருவம் ஒரு பக்கம் அப்படியே இருக்க, மறுபக்கத்தை வழவழவென்று தேய்த்துக் காதல் பரிசாகக் கையால் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். மூன்றும் கொடிபோல் பின்னிக் கிடந்ததில் எது எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை.

ஸ்கேனரில் வைத்தால் வெறும் சாம்பல் வட்டம். பூதக்கண்ணாடியில் கோடுகள் பெரிதானதே தவிர எழுத்து பிரியவில்லை. காசில் ஒரு துளை இருக்கிறது; அதை உச்சியாக வைத்துப் பார்த்ததும் பலிக்கவில்லை. துளை எழுத்துகளுக்கு நேர்மேலே இல்லை, சற்று விலகி இருக்கிறது. வெள்ளி பாலிஷ் போடச் சொன்னார்கள். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்: வெட்டுக்குள் தங்கிய கருமைதான் எழுத்தையே எடுத்துக் காட்டுகிறது.

கடைசியில் கைகொடுத்தது டார்ச். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசைமேல் படுக்கவைத்து, அதன் முன்னே காசை மெல்லச் சுழற்றினேன். ஒரு கோணத்தில் ஓர் எழுத்து மட்டும் பளிச்சென்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் அது மங்கி அடுத்தது எழுந்தது. ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் நிரப்பிய நுண்கோடுகள் வேறு வேறு திசையில் ஓடுகின்றன! மூன்றாவதில் நெளிகோடு, அதனால் துண்டு துண்டாக மின்னியது. கோணத்துக்கு ஒரு படம் எடுத்து, தனித்தனியாக வரைந்தேன். ஜே, எம், பி. அப்பாடா!