ஜோடி சேராத மைக்கில் டிரம் ரெக்கார்டிங்: ஸ்டீரியோ கெடுவது இப்படித்தான்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துச் சர்ச்சுகளில் டிரம் செட்டுக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் மைக் பெட்டியில்தான்: பாடுவதற்கு வாங்கிய இரண்டு எஸ்எம்58 மைக், வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த, நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் ஒரு கண்டென்சர் மைக். இதை வைத்தும் நல்ல ஸ்டீரியோ எடுக்கலாம்.

இதில் பெரிய தவறு, கண்டென்சரை ஒரு பக்கமும் 58-ஐ மறுபக்கமும் ஓவர்ஹெட்டாக, அதாவது செட்டுக்கு மேலே நிற்கும் மைக்காக, ஏற்றுவது. 58-இன் ஒலி 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும். கண்டென்சரோ அதற்கு மேலும் பளிச்சென்று பிடிக்கும். கிராஷ் தட்டை அடித்த நொடியில் மொத்த செட்டும் கண்டென்சர் பக்கம் சாயும். ஈக்யூவில் (ஸ்தாயிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) சரிக்கட்டலாம் என்று 58-க்கு மேல்ஸ்தாயியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். நல்ல மைக்கை மேலே வைக்கவேண்டும் என்ற ஆசைதான் இங்கே வினை. ஸ்டீரியோவுக்கு வேண்டியது ஜோடி. இரண்டு 58-உம் மேலே போகட்டும். கண்டென்சரை கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) முன்னால் அரை மீட்டர் தள்ளி வைத்து, ஒலியின் வேகத்தைத் தணிக்கும் பேட் ஸ்விட்ச் இருந்தால் போடுங்கள்.

ஒரு ஜோடிகூட இல்லையா? இருப்பதில் சிறந்த மைக்கை நடுவில் தனி ஓவர்ஹெட்டாக வைத்து, மற்றவற்றை கிக்குக்கும் ஸ்நேருக்கும் (குச்சியால் அடிக்கும், கணீரென்ற சிறு டிரம்) கொடுங்கள். சாய்ந்த ஸ்டீரியோவைவிட நேரான மோனோ எவ்வளவோ மேல். எக்ஸ்-ஒய் மைக் (குறுக்காகப் பார்க்கும் இரட்டை மைக்) உள்ள கையடக்க ரெக்கார்டர் கிடைத்தால் அதையே ஓவர்ஹெட்டாக்கலாம். அந்த இரண்டு மைக்கும் ஒரே ஜாதி. ஆனால் அந்த ரெக்கார்டர் தன் கடிகாரத்தில் ஓடும், நீளப் பாட்டில் மற்ற மைக்குகளின் பதிவிலிருந்து மெல்ல விலகும். பாட்டுக்கு முன்னும் பின்னும் குச்சியை ஒருமுறை தட்டிவிட்டால் பிறகு இரு முனையையும் பார்த்து இழுத்துப் பொருத்தலாம்.

அடுத்தது தூரம். இதைக் கண்ணால் அளக்கிறவர்கள்தான் அதிகம். ஸ்நேரிலிருந்து ஒரு மைக் 100 செ.மீ., மற்றது 117 செ.மீ. என்றால், அந்த 17 செ.மீ.க்கு ஒலி அரை மில்லிசெகண்ட் தாமதிக்கும். இரண்டையும் மோனோவில் கூட்டும்போது 1 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று தின்றுவிடும், ஸ்நேர் ஒல்லியாகிவிடும். ஒரு சரடு போதும். ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் விரலால் அழுத்தி, முதல் மைக்கின் வலைவரை இழுத்து, அங்கே ஒரு முடிச்சு. இரண்டாவது மைக்கும் அதே முடிச்சில் நிற்கவேண்டும். பிறகு ஸ்நேரை மட்டும் அடிக்கச்சொல்லி, அது நடுவில் கேட்கும்வரை இரு மைக்கின் கெயினை (ஒலி அளவை) சரிசெய்யுங்கள்.

கிக் மைக்கின் ஃபேஸ் பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) ஓவர்ஹெட்டோடு சேர்த்துக் கேட்டபடி மாற்றிப் பாருங்கள். எந்த நிலையில் கிக்கின் கீழ்ஸ்தாயி கனக்கிறதோ அதுவே சரி. தனியாகக் கேட்டால் வித்தியாசமே தெரியாது.

தகரக்கூரை ஹாலில் ஓவர்ஹெட்டை உயரே தூக்காதீர்கள். கூரை எதிரொலி மைக்குக்கு நெருங்கிவிடும். ஸ்நேருக்கு மேல் 80 செ.மீ. தாராளம். ஆனி, ஆடியில் மழை தகரத்தில் விழுந்தால் அன்றைக்கு ரெக்கார்டிங் கிடையாது. அந்த ஈரத்தில் கண்டென்சர் பொரிவதுபோல் சத்தம் போடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

எடுத்ததை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு முடிக்கவேண்டாம். ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் போட்டு, ஸ்நேரும் கிக்கும் காணாமல் போகவில்லையா என்று கேட்டபிறகே ஸ்டாண்டைக் கழற்றுங்கள்.