டெங்கு காய்ச்சல்: வீட்டில் என்ன கொடுப்பது, எதைக் கவனிப்பது

ஐப்பசி மழை பிடித்ததும் தெருவில் இரண்டு வீட்டிலாவது காய்ச்சல் என்பது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. உடனே ஆளுக்கொரு பக்கம் பப்பாளி இலை தேடி ஓடுவார்கள், லேப் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறுவார்கள். ஆனால் டெங்கு ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் வேறு வழியில்: ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, பிரஷர் இறங்கிவிடும். அதனால் இந்தப் பதிவில் முக்கால்வாசி தண்ணீர் சமாசாரம்தான்.

படி 1: மாத்திரை, டெஸ்ட்

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளி விட்டு. குழந்தைக்கு எடை பார்த்து டாக்டர் சொல்கிற அளவு. உடம்புவலி தாங்கவில்லை என்று மெடிக்கலில் புரூஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதையும் கேட்டு வாங்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். (இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள்.) டெங்குவா என்று பார்க்க ரத்த டெஸ்ட்: காய்ச்சல் வந்து 5 நாளுக்குள் என்றால் என்எஸ்1 (வைரஸின் புரதத்தைத் தேடுவது), அதற்கு மேல் ஐஜிஎம் (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது).

படி 2: குடிக்கக் கொடுப்பது

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் வரை உள்ளே போகவேண்டும். இதய நோய், கிட்னி பிரச்சினை இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீராகவே ஊற்றினால் போதாது, உப்பும் சத்தும் சேர்ந்து போகவேண்டும்: ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், இளநீர், எலுமிச்சை ஜூஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை டம்ளரில் குத்துமதிப்பாகக் கலக்கக் கூடாது. பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, அட்டையில் போட்டிருக்கும், படித்துவிட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரையுங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சுகர் இருப்பவர்களுக்குப் பழ ஜூஸைக் குறைத்து மோர், கஞ்சி பக்கம் போகலாம்.

வாந்தி வருகிறதா? டம்ளரை நீட்டாமல் ஸ்பூன் ஸ்பூனாக, சில நிமிஷத்துக்கு ஒருமுறை. போதுமான அளவு குடிக்கிறார்களா என்பதற்கு நம்பகமான அளவுகோல் சிறுநீர்தான்: 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போகவேண்டும். நேரத்தை ஒரு பேப்பரில் குறித்து வைத்தால் ஆஸ்பத்திரியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

படி 3: சாப்பாடு

இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம். பசி திரும்பியதும் பருப்பு, அவித்த முட்டை. பீட்ரூட், மாதுளை, தர்பூசணி இந்த வாரம் வேண்டாம். வாந்தி சிவப்பாக வந்தால் ரத்தமா ஜூஸா என்று யாராலும் சொல்ல முடியாது.

பப்பாளி இலைச் சாறு? பிளேட்லெட் கொஞ்சம் ஏறுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. வாந்தி எடுக்கிற குழந்தைக்கு அந்தக் கசப்பை வற்புறுத்திப் புகட்டுவது கொடுமை. நிலவேம்புக் குடிநீர் கொடுப்பதென்றால் சித்த மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும்.

படி 4: காய்ச்சல் விட்ட நாள்

இதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள், பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பலாமா என்று பேச்சு எழும். நீர் கசிவது அநேகமாக அப்போதுதான், அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுவது, மூச்சு வாங்குவது, ஒரேயடியாகச் சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 5: கொசுவலை, பகலிலும்

காய்ச்சல்காரரைக் கடித்த ஏடிஸ் கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும், அதுவும் பகலில் கடிக்கிற கொசு. முதல் வாரம் பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள்.

படி 6: வாரம் ஒருமுறை தேய்ப்பு

ஏடிஸ் முட்டையிடுவது பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே டிரம், குடம், தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்கவேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் பிடிக்கும், அதனால்தான் வாரக் கணக்கு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டைமாடி டயர், கொட்டாங்கச்சி, வெளியே கிடக்கும் ஆட்டுக்கல் குழி, எல்லாம் ஒரு சுற்றுப் பாருங்கள். செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாயில் வலைத்துணி கட்டுங்கள். புகை அடிக்கும் வண்டி வந்துபோனால் பறக்கிற கொசுதான் சாகும், தொட்டியில் நெளிகிற புழு அப்படியே இருக்கும். புழுவுக்கு அபேட் மருந்து ஊற்ற ஆள் வந்தால் உள்ளே விட்டு, மாடித் தொட்டி மூடியையும் திறந்து காட்டுங்கள்.