கடலோர வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு விடுவதற்கு முன்

மாமல்லபுரத்தில் மீனவர் குப்பத்தை ஒட்டி எங்கள் வீடு. 2012-ல் மாடியில் இரண்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு விட ஆரம்பித்தோம். இப்போது கோவளத்திலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள்: "அக்கா, நாங்களும் விடலாமா?" தாராளமாக விடலாம். அதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. சிலவற்றை நாங்கள் தெரிந்து செய்தோம், சிலவற்றைத் தப்பு செய்த பிறகுதான் கற்றுக்கொண்டோம்.

முதலில், அறை கட்டுவதற்காகப் படகை விற்காதீர்கள். 2019-ல் என் கொழுந்தன் விற்கத்தான் இருந்தார். அந்த அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் இங்கே வந்து போனதில் ஊருக்கே புதுப் பெயிண்ட் அடித்தார்கள். இனிமேல் பயணிகள் வந்து குவிவார்கள் என்று எல்லோரும் நம்பினோம். "அண்ணி, கடலுக்குப் போய் என்ன கிடைக்குது? இன்னும் நாலு ரூம் போட்டுடலாம்" என்றார். என் மாமியார்தான் ஒரே பிடியாக முடியாது என்றார். 2020 மார்ச்சில் கடற்கரைக் கோயிலையே பூட்டினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் வரை சுற்றுலா விசா இல்லை. அத்தனை மாதமும் எங்கள் வீட்டில் உலை வைத்தது அந்த ஃபைபர் படகுதான். எங்கோ ஒரு நாட்டில் நோயோ சண்டையோ வந்தால் இங்கே நம் அறை காலியாகும். அதனால் வாடகையை மேல் வருமானமாக மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். அதை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள்.

கட்டும் முன் இரண்டு தூரத்தை அளந்து பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறி வரும் எல்லை) 500 மீட்டர் வரை, கட்டடத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டரில் புதிதாகக் கட்டவே கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம். எங்கள் ஊரில் பாதி வீடுகள் இந்த இரண்டில் ஒன்றில் விழும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையப் படிவத்தில் (முன்பு 'சி' படிவம் என்பார்கள்) ஏற்ற வேண்டும். அது பத்து நிமிட வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீர் படித்தவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: நல்ல தண்ணீர் மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறக்குறைய 40 அடி ஏறிவிடும். அப்படி ஏறியது ஒரு மழைக்காலத்தில் இறங்கிவிடாது. எங்கள் கிணற்றில் இதைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, துவரம் பருப்புதான். மூன்றாவது சீசனில் பருப்பு வேக மறுத்தது, சோப்பு நுரைக்கவில்லை. அந்த வருடம் இரண்டு அறையிலும் பெரிய ஷவர் போட்டிருந்தோம். அது நிமிடத்துக்கு 10 லிட்டர் குடிக்கும். கடலில் குளித்துவிட்டு வருகிறவர் மணல் போக பத்து நிமிடம் நின்றால் 100 லிட்டர் காலி. வாளியும் மக்கும் கொடுத்தால் அதே குளியல் 20 லிட்டரில் முடிந்துவிடும். என்னை உறுத்தியது இதுதான்: பக்கத்து வீட்டு ஆயா யாருக்கும் அறை விடவில்லை, ஒரு பைசா பார்க்கவில்லை, அவர் வீட்டு அடிபம்பிலும் கரித்தது.

சரி, என்ன செய்யலாம்? பெரிய ஷவரைக் கழற்றிவிட்டுச் சிறிய துளை உள்ளதை மாட்டுங்கள், பக்கத்தில் வாளியும் வையுங்கள். ஏன் என்று எளிய ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். எங்களிடம் யாரும் முகம் சுளித்ததில்லை. வாளிக் குளியலைப் பழகிக்கொண்டு, ஊருக்குப் போய்ப் படம் அனுப்பியவர்கள்கூட உண்டு. துண்டும் படுக்கை விரிப்பும் தினமும் மாற்ற வேண்டாம், மூன்று நாளைக்கு ஒரு முறை போதும். குளித்த தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் போகட்டும். மழைநீர் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கியதால் உங்கள் வீட்டிலும் குழாய் இருக்கும், பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும். புரட்டாசியிலேயே மொட்டை மாடியைக் கழுவி, குழாயைக் குத்திவிட்டு, ஜல்லியும் மணலும் புதிதாகக் கொட்டி வையுங்கள். ஐப்பசி மழை முழுவதும் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். தண்ணீர் போதவில்லை என்று போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்காதீர்கள், உப்புதான் சீக்கிரம் வரும். அப்புறம் கழிவறைத் தொட்டி. மணல் தரையில் கழிவு வேகமாக ஊறி இறங்கும். கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி உறிஞ்சுகுழி போட இடமில்லை என்றால், கீழே ஒழுகாத தொட்டியாகக் கட்டி லாரி வைத்து எடுப்பதுதான் ஒரே வழி. செலவு ஆகும், அதை வாடகையில் சேருங்கள்.

அறைக்குள் பாட்டில் தண்ணீர் வைக்க வேண்டாம். 20 லிட்டர் கேனும் இரண்டு சொம்பும் போதும்.

இனி பணம். விருந்தாளி கொடுக்கும் பணம் எத்தனை பேர் கையில் நிற்கிறது என்று பாருங்கள். பதிவுச் செயலிகள் பதினைந்து விழுக்காடு அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். முதல் முறை செயலி வழியாக வந்தவர் அடுத்த முறை நேரே அழைக்கும்படி எண் கொடுங்கள். மீனை வீட்டு வாசலில் கூடை வைத்து விற்கும் அக்காக்களிடம் வாங்குங்கள். எல்லா ஓட்டலும் வஞ்சிரம், வவ்வால், இறால் என்றே கேட்பதால் அவற்றை ஊர்க்காரர் தொட முடியாத விலைக்கு ஏற்றிவிட்டார்கள். என் வீட்டில் காணாங்கெளுத்தி குழம்பும் நெத்திலி வறுவலும்தான். இரண்டாவது தட்டு கேட்காதவர் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது ஐஸில் கிடந்த மீனைப் புதுசு என்று சொல்லாதீர்கள். சாம்பார் வைத்துக் கொடுங்கள்.

சிலை வாங்க நினைப்பவரை நேரே பட்டறைக்கு அழைத்துப் போங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் வாசலில் கார் நிறுத்தும் கடையில் விற்கும் சிலையின் விலையில் பெரும் பங்கு கூட்டி வந்தவருக்குப் போகிறது, கல்லைக் கொத்தியவருக்கு மிஞ்சுவது கொஞ்சம். ஒரு கடையில் எனக்கும் கமிஷன் கவர் நீட்டினார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் யாரையும் அனுப்புவதில்லை. நீங்களும் கமிஷன் வாங்காதீர்கள். விருந்தாளி பட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, உளி விழும் சத்தத்தைக் கேட்டு, தூசியில் அந்த மனிதர் எப்படி மூச்சு விடுகிறார் என்று பார்த்தால் பேரம் பேச மாட்டார்.

கடைசியாக விளக்கு. தை முதல் பங்குனி வரை இரவில் பங்குனி ஆமைகள் கரையேறி, ஒன்று நூறு முட்டைக்கு மேல் இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அதுதான் கடல் என்று நினைத்து ஓடும். நம் மாடி விளக்கு எரிந்தால் தெருவுக்கு வந்துவிடும். ஒருநாள் விடிகாலையில் எங்கள் வாசலில் காகம் கொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றே கடல் பக்கத்து டியூப்லைட்டைக் கழற்றினேன். ஜனவரி முதல் மே வரை கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கெட்டித் திரை போடுங்கள், எட்டு மணிக்கு மேல் மாடியில் விளக்கு வேண்டாம். விருந்தாளி குஞ்சைப் பார்த்தால் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, வாளித் தண்ணீரில் போடக் கூடாது. வனத்துறை அலுவலகத்தின் எண்ணை அறைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், உடனே அழைக்கச் சொல்லுங்கள்.