ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் பார்ப்பது எப்படி?

சாதாரண அகராதி ஒரு சொல்லின் இன்றைய பொருளைச் சொல்லும். ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியோ (சுருக்கமாக ஓஇடி) அந்தச் சொல் கடந்து வந்த வழியையே காட்டும். 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் முடிந்த அகராதி இது. 2000 முதல் இணையத்திலும் இருக்கிறது.

முதலில் ஓஇடி டாட் காம் போய், தேடல் பெட்டியில் ‘ஷியோக்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஆமாம், பிரமாதம் என்பதற்கு நம்ம சிங்கப்பூரில் சொல்லும் அதே ஷியோக்தான். ‘ஹாக்கர் சென்டர்’ (உணவங்காடி நிலையம்), ‘எச்டிபி’ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) எல்லாம் 2016 மார்ச்சில் இதோடு சேர்ந்தே உள்ளே வந்தவை. ஃபேக்ட்ஷீட் என்ற சுருக்கத்தை இலவசமாகப் படிக்கலாம். முழுப் பதிவுக்குச் சந்தா வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் நூலகக் கணக்கு வழியாக நுழைய முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து ‘கேஷ்’ என்று தேடுங்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் வெவ்வேறு பதிவுகள், தனித்தனி எண்களோடு வரும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நாம் கல்லாவில் நீட்டும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு அல்லது இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. கீழை நாட்டுச் சில்லறை நாணயத்தைக் குறித்த இன்னொரு கேஷ்தான் நம் ‘காசு’, போர்த்துகீசியம் வழியாகப் போனது. ‘கேஷ் தமிழ்ச்சொல்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், எந்த கேஷ் என்று கேளுங்கள்.

சரி, இனி பொருள் பகுதி. பொருள்கள் பெரும்பாலும் பழையதிலிருந்து புதியதாக அடுக்கப்பட்டிருக்கும். அதனால் முதலில் இருப்பது இன்றைய பொருளாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘நைஸ்’ பாருங்கள்: முதல் பொருளே முட்டாள்தனம்!

மேற்கோள்களை அவசரப்படாமல் படியுங்கள், சுவையே அங்கேதான். குழம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘கரி’யின் பதிவில் 1598ஆம் ஆண்டு மேற்கோள் ஒன்று உண்டு. டச்சுப் பயணி லின்ஸ்ஹோட்டன் எழுதியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. சோற்றின் மேல் ஊற்றும் மீன்சாறு, கொஞ்சம் புளிப்பு, ஆனால் ருசியாக இருக்கும் என்கிறார். சிங்கப்பூரின் டேக்கா சந்தையில் கிடைக்கும் மீன்குழம்பு கண்முன் வந்துவிடும். 1598இல்தான் அந்தச் சொல் ஆங்கிலத்தில் பிறந்தது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். முதல் மேற்கோளின் ஆண்டு, இதுவரை கிடைத்த எழுத்துச் சான்றின் ஆண்டு, அவ்வளவுதான். ஆண்டுக்கு முன்னால் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ‘ஏறத்தாழ’, ‘ஏ’ இருந்தால் ‘அதற்கு முன்’.

தமிழ் வேர் என்று போட்டிருந்தால் அதையும் சரிபார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், ஆங்கிலத்தில் புழங்கிய இந்தியச் சொற்களுக்காக 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இலவசம். ‘செரூட்’டையும் ‘முல்லிகடானி’யையும் மூன்று அகராதிகளிலும் தேடிப் பாருங்கள். இரண்டாவதை வாய்விட்டுச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும்.